உப்பு மூட்டைமேல் நின்ற கார்

கல்யாணமாகிப் பதினாறு வருஷமாகிறது. இத்தனை வருஷத்தில் என் கணவரின் முகத்தோடு பேசியதைவிட அவருடைய கால்களோடு பேசியதுதான் அதிகம். அவர் கார் மெக்கானிக். மரக்காணத்தில் ஈசிஆர் ரோட்டை ஒட்டி, உப்பளம் ஆரம்பிக்கிற இடத்தில் எங்கள் ஷெட் இருக்கிறது. ஷெட்டின் ஒரு மூலையில் என் தையல் மெஷின். அவர் காருக்கு அடியில் போய்விட்டால் வெளியே தெரிவது முழங்காலுக்குக் கீழே உள்ள பாகம் மட்டும்தான். நான் பிளவுஸுக்குக் கை தைத்துக்கொண்டே, கேஸ் தீர்ந்துபோனதையும் மகள் கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்டதையும் அந்தக் கால்களிடம் சொல்வேன். அடியிலிருந்து பதில் வரும். கோபம் வந்தால் கட்டைவிரல் மட்டும் மடங்கும்.

இதைப் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடக் கூடாது. எங்கள் ஷெட்டில் இது சட்டம். ஒருத்தர் வண்டிக்கு அடியில் இருந்தால் இன்னொருத்தர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். சும்மா உட்கார்ந்தால் போதாது, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பதில் நின்றுபோனால் உடனே எழுந்து பார்க்க வேண்டும். நான் சமையலுக்குப் போய்விட்டால் காரின் சொந்தக்காரரையே பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்காரவைத்துவிடுவார். ஆரோவில்லிலிருந்து பழைய ஜீப்பைக் கொண்டுவருகிற ஒரு வெள்ளைக்காரர், தன் நாய்க்கு வந்த சொறியைப் பற்றி அரைகுறைத் தமிழில் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார். கிளியனூரிலிருந்து வருகிற ஒருவர் தன் பங்காளிச் சண்டையை முழுக்கச் சொல்லி முடிப்பதற்காகவே அடுத்த முறையும் வண்டியை எங்களிடம் கொண்டுவந்தார். பேச எதுவும் இல்லாதவர்கள் வாய்ப்பாடு சொல்ல வேண்டியதுதான். அப்படிச் சொன்னவர்களும் உண்டு.

இந்தச் சட்டம் வந்த கதையை என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் அவர் பாண்டிச்சேரியில் ஒரு ஒர்க் ஷாப்பில் வேலை பார்த்தார். அங்கே ஒரு மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, கூட வேலை பார்த்தவர் மட்டும் ஜாக்கியில் நின்ற காருக்கு அடியில் ஏதோ மாட்டிக்கொண்டிருந்தார். ஜாக்கி இறங்கிவிட்டது. ரேடியோ பாடிக்கொண்டிருந்ததால் ஒருத்தருக்கும் கேட்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர்கள் கால்களைப் பார்த்துவிட்டு, வேலை செய்கிறார் என்றே நினைத்து வேறு வண்டிப் பக்கம் போய்விட்டார்கள். "ஜாக்கி எறங்கினதால மட்டும் அவன் சாகல. கேக்க ஆளில்லாமதான் செத்தான்" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

தெரிந்திருந்தும் எனக்கு எரிச்சல் வரும். என் சுபாவம் அப்படி. ஒரு காரைத் தூக்கி நிறுத்துவதற்குள் இந்த மனுஷன் செய்கிற சடங்குகளைப் பார்த்தால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? முதலில் மோதிரத்தைக் கழற்றி என்னிடம் கொடுப்பார். கார்ச் சாவியை எடுத்துத் தன் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்பார். பிறகு ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு குனிந்து, காரின் அடிப்பாகத்தை அங்கங்கே தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். எங்கள் கடற்கரையில் இது அவசியம்தான். உப்புக் காற்று கார்களை அடியிலிருந்து தின்கிறது. மேலே பளபளவென்று பெயின்ட் இருக்கும், அடித் தகடு பொரித்த அப்பளமாக இருக்கும். ஜாக்கியைத் தப்பான இடத்தில் வைத்தால் தகட்டைப் பொத்துக்கொண்டு உள்ளே போய்விடும். அதனால் கெட்டியான இடமாகத் தேடி, ஜாக்கி வைத்து ஏற்றி, அவரே வெல்டிங் செய்த இரும்பு ஸ்டாண்டுகளை இரண்டு பக்கமும் நிறுத்துவார். அவ்வளவும் ஆன பிறகு, அந்தக் காரை இரண்டு கையாலும் பிடித்து, சாமி வந்தவர் மாதிரி ஆட்டுவார்.

முதல் தடவை அதைப் பார்த்த ஒரு வாடிக்கையாளர், நீங்களே தள்ளிவிட்டுவிடுவீர்கள் போலிருக்கிறதே என்று பதறினார். இவர் ஆட்டுவதை நிறுத்தாமல், "வுழறதா இருந்தா நான் வெளிய இருக்கும்போதே வுழட்டுங்க" என்றார்.

பக்கத்து ஷெட்டில் அரை மணியில் முடிகிற வேலை எங்களிடம் ஒன்றரை மணி நேரம் ஆகும். அவசரக்காரர்கள் அங்கே போய்விடுவார்கள். கார் ரிப்பேர் பார்க்கிறீர்களா, இல்லை காருக்குச் சீமந்தம் செய்கிறீர்களா என்று நான் கத்துவேன். அவர் கோபித்துக்கொள்ளவே மாட்டார். சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை ஆட்டுவார். அது என்னை இன்னும் கொதிக்கவைக்கும்.

என்னோடு சேர்ந்து அவரைக் கிண்டல் செய்ய ஒரு ஆள் உண்டு, என் தம்பி. என்னைவிட ஐந்து வயது சின்னவன். கல்யாணமாகி இரண்டு குழந்தைகளுக்கு அப்பா. சொந்தமாக ஒரு வெள்ளைக் கார் வைத்துப் பாண்டிச்சேரிக்கும் சென்னை ஏர்போர்ட்டுக்கும் வாடகைக்கு ஓட்டுகிறான். அந்தக் காரைக் குழந்தையைப் போல வைத்திருப்பான். சீட்டுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூட ரொம்ப நாள் கழற்றவில்லை. சின்னச் சின்ன ரிப்பேர்களைத் தானே பார்த்துக்கொள்வான். தெரியாத இடத்துக்கு மட்டும் மாமாவுக்கு போன் போடுவான். பொங்கலுக்கு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தால், மாமா இலையை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் சோறு போடச் சொல்வார் என்பான். எல்லோரும் சிரிப்போம். அவரும் சிரிப்பார்.

தம்பியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவனுக்கும் எனக்கும் சின்ன வயதிலிருந்தே ஏட்டிக்குப் போட்டி. மழை வருகிறது, குடை எடுத்துப் போ என்று நான் சொன்னால், கையில் இருக்கிற குடையையும் வைத்துவிட்டுப் போகிற ஜாதி அவன். நான் கத்தினால் அவன் சிரிப்பான். இன்னும் கத்தினால் அந்த வேலையை இன்னும் மெதுவாகச் செய்வான். பாசம் இல்லாமல் இல்லை. அவனுக்குக் காய்ச்சல் என்றால் எனக்குச் சோறு இறங்காது. ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் பாசத்தைச் சண்டையாகத்தான் காட்டத் தெரியும்.

அது ஒரு வைகாசி மாதம். அதற்கு முந்தின வாரம் இரண்டு நாள் கோடை மழை அடித்து, உப்பளப் பாத்திகளில் வேலை நின்று, மறுபடி ஆரம்பித்திருந்தார்கள். மத்தியானம் மூன்று மணி இருக்கும். என் கணவர் ஒரு காரின் பிரேக் டிரம்மைக் கழற்றிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். முழங்கை வரை கிரீஸ். என் மெஷின் மேலிருந்த அவருடைய போன் அடித்தது. தம்பி. அவர் கையைக் காட்டியதும் நானே எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

உப்பளத்துக்குள் ஒரு கான்ட்ராக்டரை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, பாதையில் துருத்திக்கொண்டிருந்த கல்லில் சைலன்சர் இடித்து, அதைப் பிடித்திருக்கிற கிளாம்பு விட்டுவிட்டதாம். சைலன்சர் தரையில் இழுபடுகிறதாம். கைக்கு இடம் வேண்டும் என்று ஒரு பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு அவனே மாட்டப் பார்க்கிறான், நட்டு துருப்பிடித்துத் தேய்ந்துவிட்டது, பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரும் பிடிக்கவில்லை, பதிமூன்றும் பிடிக்கவில்லை, எதைப் போடுவது என்று கேட்டான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவர் டிரம்மைக் கீழே வைத்துவிட்டார்.

"அடியில இருந்துக்கிட்டா பேசற?"

"ஆமா மாமா."

"வண்டி எதும்மேல நிக்குது?"

"ஜாக்கி மண்ணுல எறங்குது மாமா. அதான் ரெண்டு உப்பு மூட்டய குடுத்து நிறுத்தியிருக்கேன். கல்லு மாதிரி இருக்குது."

இந்த ஊரில் பிறக்காதவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஆனால் அவன் சொன்னதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. எங்கள் அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர். உப்பு மூட்டை சில மாதம் ஒரே இடத்தில் கிடந்தால் உள்ளே கட்டிப்பட்டு, சுத்தியலால் அடித்தாலும் உடையாமல் போய்விடும். நாங்கள் அதன்மேல் உட்கார்ந்து படித்திருக்கிறோம். தண்ணீர் இறைக்கிற ஆயில் இன்ஜினுக்கு அதைத்தான் முட்டுக் கொடுப்பார்கள். லாரியில் ஏற அதுதான் படி. எங்களுக்கு அது உப்பே இல்லை, கல்தான். நானாக இருந்தாலும் காருக்கு அதைத்தான் வைத்திருப்பேன்.

அவர் முகத்தைப் பார்த்ததும்தான் எனக்கு விளங்கியது. ரத்தமே இல்லாமல் வெளுத்திருந்தது. போன வாரம் பெய்த மழை ஞாபகம் வந்தது. மூட்டையின் மேல்பக்கம் வெயிலில் காய்ந்து கல்லாகத்தான் இருக்கும். அடியில் ஈரம் குடித்து இளகியிருக்கும். போதாததற்குக் கடல்காற்று ஏறுகிற நேரம் வேறு. அந்த நேரத்தில் வீட்டு உப்பு ஜாடிகூட வேர்த்துப்போகும். அப்படிப்பட்ட இரண்டு மூட்டைகள்மேல் ஒரு கார். அதற்கு அடியில் என் தம்பி.

நான் எழுந்தேன். வெளியே வாடா என்று கத்த வாயைத் திறந்தேன். அவர் எட்டி வந்து கிரீஸ் கையால் என் வாயைப் பொத்தினார்.

பதினாறு வருஷத்தில் அவர் அப்படிச் செய்ததில்லை. ஆனால் போனைப் பார்த்துப் பேசிய குரலில் நடுக்கமே இல்லை. நட்டு சைஸ் மாடலுக்கு மாடல் மாறும் என்று, டீ குடித்துக்கொண்டு பேசுகிறவர் மாதிரி சொன்னார். டேஷ்போர்டில் வண்டியோடு கொடுத்த புக்கு இருக்கும், அதில் கடைசிப் பக்கங்களில் எல்லா நட்டுக்கும் சைஸ் போட்டிருப்பான், எடுத்துப் பார்த்துச் சொல் என்றார்.

அப்புறம் பார்க்கலாம், சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினால் விட்டுவிடும் என்றான் தம்பி.

சுத்தியல் என்றதும் என் வாயைப் பொத்தியிருந்த கை இறுகியது. இவர் நிதானம் மாறவில்லை. தட்டினால் போல்ட்டு உடையும், உடைந்தால் சென்னையிலிருந்துதான் வரவேண்டும், மூன்று நாள் வண்டி நிற்கும் என்றார். பிறகு கொஞ்சம் சலித்துக்கொள்கிற மாதிரி, "புக்கு வெச்சிருக்கியா, தொலச்சிட்டியா? இல்லன்னா வுடுப்பா, வேற யாரையாவது கேக்கறேன்" என்றார்.

"என் வண்டியில புக்கு இல்லாம இருக்குமா? இரு மாமா" என்றான் அவன். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

மண்ணில் முதுகு தேய்கிற சத்தம் கேட்டது. அவன் முனகினான். பிறகு குரலில் இருந்த கிணறு போய்விட்டது, காற்றுச் சத்தம் கேட்டது. கார்க் கதவு திறந்தது. புக்கு எடுத்துவிட்டேன், எந்தப் பக்கம் என்று கேட்டான். பின்னாலிருந்து புரட்டிப் பார், நிழலில் தள்ளி உட்கார்ந்து பொறுமையாகப் பார், நான் ஸ்பேனர் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று இவர் சொன்னார். தாளைப் புரட்டுகிற சத்தம்தான் வந்தது. அவர் என் வாயிலிருந்து கையை எடுத்தார்.

அப்போது போனில் சாக்கு கிழிகிற சத்தமும், சரசரவென்று எதுவோ கொட்டுகிற சத்தமும் கேட்டன. அடுத்து, தகரக் கொட்டகை சரிந்து விழுவது போல ஒரு பெரிய சத்தம். அதற்குப் பிறகு வெறும் காற்று.

மச்சான், மச்சான் என்று அவர் கூப்பிட்டார். பதில் இல்லை. லைனும் கட்டாகவில்லை.

நான் அவர்மேல் பாய்ந்தேன். நட்டு சைஸும் புக்கும் பேசியே என் தம்பியைக் கொன்றுவிட்டீர்கள், மூட்டை தாங்காது, வெளியே வா என்று ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாயில்லையா என்று கேட்டேன். புக்கைக் கையில் எடுத்துக்கொண்டு அவன் மறுபடி அடியில் போயிருப்பான் என்றே என் மனசு சொன்னது. அவனுக்குச் செய்கிற வேலையைப் பாதியில் விடத் தெரியாது. என் கணவர் இரண்டு ஸ்டாண்டையும் பெரிய ஜாக்கியையும் ஸ்கூட்டரின் கால் வைக்கிற இடத்தில் ஏற்றினார். ஆம்புலன்ஸுக்கு போன் போட்டு, எந்த வழியாக உப்பளத்துக்குள் வரவேண்டும் என்று தெளிவாகச் சொன்னார். கடைசியில் ஹெல்மெட்டை எடுத்து மாட்டினார். ஹெல்மெட் போடுகிற நேரமா இது என்று முதுகில் ஓங்கி அடித்தேன். இன்னொரு ஹெல்மெட்டை என்னிடம் நீட்டி, "நாம போய்ச் சேரணும்" என்றார்.

பத்து நிமிஷப் பாதை. ரோட்டைத் தாண்டிப் பாத்திகளுக்கு நடுவே போகிற மண்சாலையில், பின்னால் உட்கார்ந்து அவரைத் திட்டிக்கொண்டே போனேன். என் வாயில் என்னென்ன வந்தது என்று இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. இத்தனை ஜாக்கிரதையும் ஊரான் காருக்குத்தானா, என் தம்பிக்கு இல்லையா என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. அவர் பள்ளம் மேடு பார்த்து ஓட்டினார்.

தூரத்திலேயே கார் தெரிந்தது. ஒரு பக்கமாகத் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. இரண்டு மூட்டைகளும் வெடித்து, வெள்ளை உப்பு நாலு பக்கமும் சிதறிக் கிடந்தது. காருக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு சாப்பாட்டுத் தட்டைக்கூடச் செருக முடியாது. அதற்கு அடியிலிருந்து, அவன் முதுகுக்கு விரித்திருந்த சாக்கின் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒற்றைச் செருப்பு. நான் ஸ்கூட்டர் நிற்பதற்கு முன்பே குதித்துவிட்டேன்.

அவன் வரப்பில் உட்கார்ந்திருந்தான். காரிலிருந்து பத்தடி தள்ளி இருந்த ஒரு முள்மரத்து நிழலில், ஒற்றைச் செருப்போடு, மடியில் அந்தப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டிருந்தான். போன் பக்கத்து மண்ணில் கிடந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. நான் அவன் தலையையும் தோளையும் தடவினேன், அடித்தேன், அழுதேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. விரலை எச்சில் தொட்டுப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தான்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் உறைத்தது. நான் மட்டும் கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 'வெளிய வாடா, அறிவில்லாதவனே' என்று நான் கத்த, போக்கா, உனக்கும் மாமாவுக்கும் வேற வேலையில்ல என்று அவன் சிரித்திருப்பான். நான் இன்னும் கத்த, அவன் என்னைக் கடுப்பேற்றவே சுத்தியலை எடுத்திருப்பான். அந்தச் சிரிப்போடு அவன் கதை முடிந்திருக்கும். என் பாசமே அவனைக் கொன்றிருக்கும். இது என் கணவருக்கு அந்த ஒரு நொடியில் தெரிந்திருக்கிறது. அறிவுரை சொன்னால் இவன் கேட்க மாட்டான், பயமுறுத்தினால் வீம்பு பிடிப்பான், தன் காரில் ஒன்று இல்லை என்று சொன்னால் மட்டும் பொறுக்க மாட்டான் என்று தெரிந்திருக்கிறது. காரைத் தட்டிப் பார்த்துக் கெட்டியான இடத்தைக் கண்டுபிடிக்கிற மாதிரி, என் தம்பியையும் அவர் இத்தனை வருஷமாகக் கவனித்து வைத்திருந்தார். இப்படிப்பட்ட மனுஷனைத்தான் நானும் இவனும் சேர்ந்து பயந்தாங்கொள்ளி என்று சிரித்தோம். வெட்கத்தில் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் எங்களிடம் வருவதற்கு முன்னால் காரிடம் போனார். சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டார். சக்கரங்களுக்குக் கல் வைத்தார். ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று போன் செய்தார். பிறகு வந்து தம்பிக்குப் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்தார். சொன்னேன் பார்த்தாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தம்பிதான் முதலில் பேசினான். "முழுசா பாத்துட்டேன் மாமா. நட்டு சைஸு எங்கயுமே போடல."

"போட மாட்டான்டா" என்றார் அவர். "எந்த வண்டி புக்குலயும் போட மாட்டான்."

தம்பி அவரைப் பார்த்தான். புத்தகத்தைப் பார்த்தான். தரையோடு கிடந்த காரைப் பார்த்தான். மெல்லப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, கிரீஸ் படிந்த அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். வெகுநேரம் அவன் அதை விடவில்லை.